தடைக்காலத்தில் 20 புத்தகம் படித்து முடிக்க முடியுமா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவின் விசைப்படகில் வேலை செய்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கரையில்தான். இந்தக் கோடையில் 20 புத்தகம் படித்து ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதப்போவதாக நண்பர்களிடம் சவால் விட்டிருக்கிறாராம். சென்ற ஆண்டும் இதே சவால். மூன்றாவதாக எடுத்த 700 பக்க நாவலில் நின்றுபோனது. ‘எங்கே தவறினேன்? விமர்சனம் என்றால் என்ன எழுத வேண்டும்?’ என்பது கேள்வி.

இந்தக் கடற்கரையில் ஒரு சிறிய கிளை நூலகத்தில் 27 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். 20 முடியாது, தம்பி. உங்கள் ஆர்வத்தில் குறை இல்லை, கணக்கில்தான் குறை.

61 நாளும் உங்களுடையது என்று நினைத்துவிட்டீர்கள். படகைக் கரையேற்ற வேண்டும், அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும், வர்ணம் அடிக்க வேண்டும், என்ஜினைப் பிரிக்க வேண்டும். வலை வேலை தனி. மீன்வளத் துறையினர் படகை ஆய்வு செய்ய வரும் நாளில் அங்கே நின்றாக வேண்டும். போதாததற்கு நம் பக்கத்துக் கல்யாணங்கள் பாதி இந்த இரண்டு மாதத்தில்தான் வந்து குவிகின்றன. ஆண்கள் எல்லாம் ஊரில் இருக்கும் காலம் வேறு எது? இதற்கெல்லாம் 16 நாளைக் கழித்துவிடுங்கள். மீதி 45. தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் 67 மணி நேரம் சொச்சம்.

அடுத்து உங்கள் வேகம். ஊரார் வேகம் நமக்கு வேண்டாம். இதுவரை படிக்காத ஒரு நாவலை எடுத்து, அலைபேசியில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, வழக்கம்போலப் படியுங்கள். எத்தனை பக்கம் ஓடியது என்று பாருங்கள். மணிக்கு 25 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். 200 பக்கப் புத்தகம் 20 என்றால் 4,000 பக்கம், அதாவது 160 மணி நேரம். ஒரு நாள்கூட விடாமல் 61 நாளும் உட்கார்ந்தாலும் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரையில் வேலை இருக்கிற எவருக்கும் அது நடக்காது.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள், எல்லாரும் மறப்பதுதான். விமர்சனம் எழுதவும் நேரம் வேண்டும். முதல் வரைவு, அடித்தல் திருத்தல் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆறு புத்தகத்துக்கு 12 மணி நேரம் போனால் படிக்க மிஞ்சுவது 55 மணி நேரம், ஏறத்தாழ 1,400 பக்கம். ஒரு 450 பக்கம், மூன்று 200 பக்கம், இரண்டு 150 பக்கம் என்று வைத்தால் 1,350. ஆறு புத்தகம். 50 பக்கம் கையிருப்பு.

ஆறு என்றதும் உங்களுக்கு முகம் சுருங்கும். பிரிட்டனில் பொது நூலகங்கள் வழியாகக் கோடைகால வாசிப்புச் சவால் ஒன்று 1999 முதல் நடக்கிறது. 4 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அவர்கள் வகுத்த இலக்கும் ஆறு புத்தகம்தான். எந்த ஆறு என்பது பிள்ளையின் விருப்பம். எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை. ஒரு புத்தகத்தை முடித்ததும் பிள்ளை நூலகத்துக்குப் போய், அங்கே இருப்பவரிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயால் சொல்லலாம். உங்கள் சவாலிலும் உயிரான பகுதி அதுதான் என்பேன். 20 படித்து ஒன்றைப் பற்றியும் நான்கு வரி சொல்ல முடியாதவர்களை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாம்பனில் வளர்ந்தவருக்கு விமர்சனம் எழுதத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை. படகு கரை சேர்ந்ததும் முதலில் கேட்பது என்ன? ‘பாடு எப்படி?’, அதாவது மீன் எவ்வளவு கிடைத்தது என்பதுதானே. அதற்கு ‘அருமையான பாடு, அனைவரும் பிடிக்க வேண்டிய மீன்’ என்று யாராவது பதில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் போனோம், எத்தனை பாகம் ஆழம், எந்த வலை, காற்று எப்படி, கணவாய் எவ்வளவு, நண்டு எவ்வளவு, விலை போகாத பொடிமீனான சங்காயம் எவ்வளவு, டீசல் காசு தேறியதா. கேட்கிறவன் அதை வைத்து நாளைக்குத் தான் எங்கே போவது என்று முடிவெடுக்கிறான். புத்தகத்துக்கும் இதே பதிலைத்தான் எழுத வேண்டும். ‘மனதைத் தொட்டது’, ‘கீழே வைக்கவே முடியவில்லை’, ‘ஆசிரியரின் நடை அபாரம்’ எல்லாம் சங்காயம். கோழித் தீவனத்துக்கு எடை போட்டு அனுப்பிவிடலாம்.

என் நூலகத்துக்கு வலை வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வருவார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் எல்லாரிடமும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பது என் வழக்கம். எல்லாரும் ‘நன்றாக இருந்தது’ என்றுவிட்டுப் போவார்கள். இவர் ஒரு நாள் கனமான நாவல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: ‘முதல் 80 பக்கம் வெறும் தண்ணீர். பொறுத்துக்கொண்டு போனால் அந்தக் கிழவி வருகிறாள். அதன் பிறகு இரண்டு இரவு நான் தூங்கவில்லை. கடைசியில் ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார், கரையைப் பார்த்த படகு மாதிரி.’ நான் அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, அந்த நாவலின் மேல் செருகி வைத்தேன். இரண்டு ஆண்டாக அலமாரியில் தூங்கிய புத்தகம். அந்த வாரமே மூன்று பேர் கேட்டார்கள். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. பயிற்சி வகுப்பில் அதை மனப்பாடம் செய்தவன்தான் நான். அந்தச் சீட்டைச் செருகிய நாளில்தான் அது எனக்குப் புரிந்தது.

இப்போது எந்த ஆறு என்பதற்கு வருகிறேன். உங்களுக்காகப் பட்டியல் போட மாட்டேன், போட்டால் அது என் சவாலாகிவிடும். ஆனால் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு 700 பக்கத்தை மூன்றாவதாக எடுத்ததில்தான் சிக்கினீர்கள். மெலிந்த புத்தகத்தில் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே ஒன்று முடிந்து, ஒரு விமர்சனமும் கையில் இருந்தால் மனத்துக்குத் தெம்பு வரும். தடிமனானதை மே மாத நடுவில் வையுங்கள். படகு வேலை ஓரளவு முடிந்திருக்கும், கத்திரி வெயிலில் வெளியே தலைகாட்டவும் முடியாது. கடைசி வாரத்தில் மறுபடியும் மெலிந்தது. ஜூன் பிறந்துவிட்டால் வீட்டில் பேச்செல்லாம் ஐஸ், டீசல், ஆள் என்று மாறிவிடும். ஆறில் ஒன்றை வேறு யாராவது தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும், தங்கையோ அம்மாவோ. நாமாகத் தொடாத புத்தகத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு ருசி இருக்கிறது.

கடல் நாவல் ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வற்புறுத்துவேன். தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’ 1956-இல் வந்தது; தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்திருக்கிறார். நான் அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலுக்குப் போன கணவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கைமேல் நிற்கிற கதை அது. மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு அது ஒரு கதைச் சரடு. உங்களுக்கு அப்படி இல்லை. உங்கள் வீட்டிலேயே அம்மாவும் அத்தையும் இருக்கிறார்கள், படகு வரத் தாமதமான இரவுகளை அவர்கள் அறிவார்கள். அந்த நம்பிக்கையை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ‘வலை அறுந்ததற்கும் நாங்கள்தான் காரணமா?’ என்று ஒருத்தி கேட்கக்கூடும். இன்னொருத்தி பேசாமல் எழுந்து போகக்கூடும். இரண்டும் உங்கள் விமர்சனத்தில் வர வேண்டிய செய்தி. நகரத்துப் பேராசிரியர் எழுத முடியாததை நீங்கள் எழுதுகிற இடம் இது.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் உண்டு. கடல்புரத்துக்காரர் கடல் நாவலை விமர்சித்தால், காற்றின் பெயர் தப்பு, அந்த மாதத்தில் அந்த மீன் வராது, அந்த வலையை இப்படி இழுக்க மாட்டார்கள் என்று பிழை பிடிப்பதிலேயே முடிந்துவிடும். பிழை இருந்தால் சொல்லுங்கள், ஒரு பத்தி போதும். கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் மாற்றி எழுதியவர்கூட ஒரு மனிதனின் பயத்தைச் சரியாக எழுதியிருக்கலாம்.

நாவலாகவே ஆறையும் நிரப்பாதீர்கள். சங்கப் பாடலில் நெய்தல் திணைப் பாட்டுகளை மட்டும் ஓர் உரையோடு எடுத்துக்கொண்டால், அதுவும் ஒரு புத்தகக் கணக்குதான். அகநானூற்றின் 70-ஆம் பாட்டு நம் ஊர்ப் பாட்டு. வளைந்த படகில் போன பரதவருக்கு வேட்டை வாய்த்தது என்று தொடங்குகிறது. பாடு நன்றாக இருந்தது என்று சொல்லித்தான் புலவரே கதையை ஆரம்பிக்கிறார், பாருங்கள். தலைவன் தலைவியைப் பற்றி ஊரே வம்பு பேசிக்கொண்டிருந்தது. திருமணம் என்றானதும் ஓய்ந்துவிட்டது. எப்படி ஓய்ந்தது? பழமையான ‘கோடி’ என்ற கடல்துறையில் இராமன் மறைவாக ஆலோசித்தபோது, ஆலமரத்துப் பறவைகளின் இரைச்சலை அடக்கினானே, அதுபோல. அந்தக் ‘கோடி’ தனுஷ்கோடி என்று பலரும் கொள்வார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊராகத்தான் நமக்கு அதைத் தெரியும். ஒரு காதல் பாட்டின் உவமைக்குள் அதே முனை, பறவைகளோடும் ஆலமரத்தோடும் கிடக்கிறது. நான் இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயது 40 தாண்டிவிட்டது. பள்ளியில் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்தான் வந்தது. அப்படி வரும் கோபத்தையும் எழுதலாம்.

புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன். தடைக்கால நிவாரணம் வீட்டுக்கே போதாது என்பது எனக்குத் தெரியும். நூலகத்துக்குப் போங்கள். சென்னை பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது வரியில் 10 சதவீதம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள், பண்டத்தை வாங்காமல் இருக்கிறீர்கள். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். பஸ் ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னைத் திட்டியது போதும். தேடுகிற நூல் உங்கள் கிளையில் இல்லையென்றால் இராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பழைய நூல்களுக்கும் சங்க இலக்கியத்துக்கும் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் காசில்லாமல் கிடைக்கும். அலைபேசியில் பாட்டுப் படிக்கலாம், நாவல் படிக்க எனக்குப் பிடிக்காது. படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது விலைப்பட்டியல் அனுப்புவார்கள்.

புத்தகத்தைக் காப்பாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். மெல்லிய புத்தகங்களுக்குத்தான் இந்த ஆபத்து. கடலோரம் உட்கார்ந்து படிப்பது படத்துக்கு அழகு. காற்றில் மணல் வந்து தையலுக்குள் புகுந்துகொண்டால் பக்கம் உதிர ஆரம்பிக்கும். வீட்டு மூலையில் போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சி தின்றுவிடும். இராமேசுவரம் பக்கத்தில் அதன் பெயரைச் சொல்லி யாரிடம் முறையிடுவது? ஈரம் இல்லாத மேல் தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். நூலகப் புத்தகத்தில் பேனா வைக்கவே கூடாது.

அதற்குப் பதிலாக, படிக்கும்போது ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்தின் பக்க எண்ணும் மூன்று நான்கு சொற்களும் போதும். ‘பக்கம் 63, அப்பா பொய் சொல்கிறார்’ என்பதுபோல. பிடிக்காத இடத்துக்கும் எண் வேண்டும். இந்தச் சீட்டு இல்லாமல் எழுதப்படும் விமர்சனங்கள்தான் பின்னட்டையைப் பார்த்து எழுதியவைபோல ஆகின்றன.

புத்தகத்தை முடித்த அன்று எழுதாதீர்கள். அன்று சூடு இருக்கும், அளவு இருக்காது. ஒரு வாரமும் தள்ளாதீர்கள். மறுநாள் காலை, கடலுக்குப் போகும் பழக்கத்தில் மூன்றரைக்கோ நான்குக்கோ விழிப்பு வருமே, அந்த நேரம் நல்லது. முதல் வரியில் ஆசிரியர் பிறந்த ஊரும் வாங்கிய விருதும் வேண்டாம். சீட்டைப் பார்க்காமலே எந்தக் காட்சி நினைவுக்கு வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கதைச் சுருக்கம் நான்கு வரியைத் தாண்டக் கூடாது, முடிவைச் சொல்லவே கூடாது. அதன் பிறகு அந்தப் புத்தகம் என்ன செய்ய முயன்றது, எங்கே செய்தது, எங்கே தவறியது என்பதைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் ‘எந்த இடத்தில்?’ என்று உங்களை நீங்களே கேளுங்கள். இடம் காட்ட முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் கட்டாயம். அவர் கைபட்ட சொற்களைத்தான் நீங்கள் படித்தீர்கள். பதிப்பகமும் பதிப்பாண்டும் எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும்.

நீளம் 300 சொல். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஓர் ஆளை நினைத்து எழுதுங்கள். படகில் உங்களோடு வருகிறவர்களில் யார் இதைப் படிப்பார், யார் படிக்க மாட்டார் என்று முடிவில் சொல்லுங்கள். ‘கூட வேலை செய்யும் அண்ணனுக்கு இதைக் கொடுக்க மாட்டேன், பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுவார்; மச்சானுக்குக் கொடுப்பேன், அவர் இந்தக் கடன்காரனைப் போலவே ஒருவரிடம் மாட்டியிருக்கிறார்’ என்று எழுதிப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் என்று போடுவதைவிட இது படிப்பவருக்கு அதிகம் சொல்லும். என்னைக் கேட்டால் மதிப்பெண் போடுவதையே விட்டுவிடலாம்.

பாதியில் நின்ற புத்தகத்தை என்ன செய்வது? சென்ற ஆண்டு அந்த 700 பக்கம் உங்கள் சவாலையே விழுங்கியது, விட்டுவிட மனம் வராமல் கட்டிக்கொண்டு அழுததால்தான். நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு விதி சொல்லியிருக்கிறார். 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வயது 50-ஐத் தாண்டிவிட்டால் 100-இலிருந்து வயதைக் கழித்து வருகிற அத்தனை பக்கம் படித்தால் போதும். எனக்கு 63, ஆகவே 37 பக்கத்தில் எனக்கு விடுதலை. உங்களுக்கு முழு 50. ஆனால் விட்ட புத்தகத்துக்கும் ஐந்து வரி எழுத வேண்டும் என்பது நான் சேர்க்கும் நிபந்தனை: எந்தப் பக்கத்தில் விட்டேன், ஏன் விட்டேன். அது ஆறில் சேராது, ஆனால் நோட்டில் இருக்கும். அந்த நாவல் இன்னும் உங்களிடம் இருந்தால் இந்த ஆண்டின் முதல் ஐந்து வரி அதற்கே ஆகட்டும். நின்ற பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

எழுதியதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நோட்டிலேயே பூட்டி வைக்க வேண்டாம். ஒரு படியைக் கையால் எழுதி, புத்தகத்தைத் திருப்பும்போது நூலகரிடம் கொடுங்கள். வாங்கி உள்ளே செருகி வைக்க எந்த நூலகரும் மறுக்க மாட்டார். மறுத்தால் அறிவிப்புப் பலகையில் இடம் கேளுங்கள். நண்பர்களிடம் விட்ட சவாலை மாற்றுவதற்கு வெட்கப்படவும் வேண்டாம். 20 புத்தகத்தை 6 ஆகக் குறைத்துவிட்டேன், ஆனால் ஆறையும் உங்கள் முன்னால் வாசித்துக் காட்டுவேன் என்று சொல்லுங்கள். கரையேற்றிய படகின் நிழலில் மாலையில் உட்கார்ந்து வாசியுங்கள். கேலி செய்வார்கள். இரண்டாவது விமர்சனத்தில் யாராவது ஒருவர் ‘அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்பார்.

ஜூன் 14 வந்தும் கடைசிப் புத்தகம் முடியவில்லை என்றால் படகில் எடுத்துப் போகலாமா என்ற எண்ணம் வரும். சொந்தப் புத்தகம் என்றால் பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துப் போங்கள். நூலகத்துடையது என்றால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நனைந்தால் விலையைக் கட்ட வேண்டும். மீனெண்ணெய் வாடையோடு திரும்பி வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை வேறு எந்தப் புத்தகத்தோடும் சேர்த்து அடுக்க முடியாமல் நான் ஓர் ஆண்டு ஜன்னலோரம் தனியாக வைத்திருந்தேன்.